நத்தார் மழையில் நமத்துப் போகாத உறைப்புப் பிஸ்கட்: போறணை இல்லாத வீடுகளுக்கு

வீட்டில் போறணை இல்லை. முறுக்குச் சுட ஒரு பகல் முழுக்க எண்ணெய்த் தாச்சியின் முன்னால் நிற்க ஆளும் இல்லை. ஆனால் நத்தாருக்கு முந்திய இரவுகளில் கரோல் பாடிக்கொண்டு வருகிறவர்களுக்கு நீட்ட ஒரு தட்டு வேண்டும், அடுத்த வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப நாலு பை வேண்டும். இப்படி இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கடையில் வாங்கிய உப்புப் பிஸ்கட்டையும் வறுத்த கச்சானையும் உறைப்பு எண்ணெயில் பிரட்டி ஓர் இரவு ஊறவிடுவதுதான் வேலை. அடுப்பு எரிவது கூடிப்போனால் கால் மணித்தியாலம்.

அமெரிக்காவில் இதைப் போறணை இல்லாமலே செய்வார்கள். சூப்புக்குப் போடும் குட்டிப் பிஸ்கட்டும், ராஞ்ச் என்று பைக்கற்றில் வரும் மசாலாவும் போதும் அவர்களுக்கு. அந்தச் செய்முறையை அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். அந்தப் பைக்கற் இங்கே பக்கத்துக் கடையில் கிடைக்காது. அதைவிடப் பெரிய இடி மழை. டிசம்பரில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கும், உப்புப் போத்தலுக்குள் உப்பு தண்ணீர் விடும். அந்தக் காற்றில் திறந்து வைத்த பிஸ்கட் அரை நாளில் பாண் மாதிரி ஆகிவிடும். கீழே சொல்லப்போகிற எல்லாப் படியும் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: பிஸ்கட்டுக்குள் தண்ணீர் போகக் கூடாது. உறைப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வாய்க்கேற்றபடி.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

இது 24ஆம் திகதி காலையில் தொடங்கி மாலையில் முடிக்கிற வேலை இல்லை. ஊற ஓர் இரவு வேண்டும். அதற்காக மாதத் தொடக்கத்திலேயே செய்து வைப்பதும் சரிவராது. நன்றாக அடைத்தால் இரண்டு கிழமை நிற்கும், ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த டின் நாளுக்குப் பத்துத் தடவை திறபடும். ஒவ்வொரு தடவையும் மழைக் காற்று உள்ளே போகும்.

எனக்குச் சரிவருகிற கணக்கு இது. டிசம்பர் 15க்குள் சாமான் எல்லாம் வாங்கி முடித்துவிடுவேன். 21 அல்லது 22 இரவு பிரட்டி, அடுத்த நாள் காலையில் அடைப்பேன். 23, 24இல் கொடுப்பேன். தைப்பொங்கலுக்கும் வேண்டுமென்றால் ஜனவரி 10ஐ ஒட்டி இன்னொரு தடவை செய்யுங்கள். நத்தாருக்குச் செய்ததை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

வாங்கப் போகும் நாளையும் பார்த்து வையுங்கள். 20ஆம் திகதிக்குப் பிறகு டவுனில் சனம் நெருக்கும், மழையும் சேர்ந்துகொண்டால் ஒரு சாமானுக்கு ஒரு மணித்தியாலம். கச்சான், கஜு, பேரீச்சம்பழம் வாங்கக் காத்தான்குடிக்குப் போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். தெரு நடுவில் நிற்கிற பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

2. பிஸ்கட் வாங்கும்போது கையால் பாருங்கள்

இனிப்பில்லாத, மெல்லிய, மொறுமொறுப்பான எந்தப் பிஸ்கட்டும் சரி. மலிபன், மன்ச்சி இரண்டிலும் கிறீம் கிராக்கர் எந்தச் சந்திக் கடையிலும் இருக்கும். அதை நாலாக உடைத்தால் போதும். சின்னச் சின்னதாக வரும் உப்புப் பிஸ்கட் கிடைத்தால் இன்னும் நல்லது. உடைத்த பிஸ்கட்டில் தூளாகிப் போகிற பங்கு ஒன்று இருக்கும், முழுசாக இருந்தால் அந்த நட்டம் இல்லை.

கவனிக்க வேண்டியவை:

- நிறுத்துக் கொடுக்கிற திறந்த பிஸ்கட் வேண்டாம். மலிவுதான், ஆனால் கடை டின்னுக்குள்ளேயே பாதி நமத்திருக்கும். நமத்த பிஸ்கட் எண்ணெயை ஒழுங்காகக் குடிக்காது, மேலே பிசுபிசுவென்று நிற்கும்.
- பெரிய பைக்கற் ஒன்றைவிடச் சின்னப் பைக்கற் நாலைந்து நல்லது. ஒன்றில் காற்றுப் போயிருந்தாலும் மற்றவை தப்பும்.
- காலாவதித் திகதியோடு உற்பத்தித் திகதியையும் பாருங்கள். பண்டிகைக் காலத்தில் பழைய சரக்கு முன்னுக்கு வரும். பின்வரிசையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.
- வீட்டுக்கு வந்ததும் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் சரி. சத்தமில்லாமல் வளைந்து உடைந்தால் அந்தப் பைக்கற்றைத் தேத்தண்ணீருக்கு வையுங்கள்.

கச்சானைத் தோல் நீக்கி வறுத்ததாகவே வாங்கலாம். பச்சையாக வாங்கினால் வீட்டில் மெல்லிய தீயில் வறுத்து நன்றாக ஆறவிட வேண்டும். எப்படி வாங்கினாலும் ஒரு பிடி அள்ளி மணந்து பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றிரண்டு தென்பட்டால் அந்தச் சாக்கையே விட்டுவிடுங்கள். ஈரத்தில் கச்சானில் பிடிக்கிற பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்கிற நஞ்சை விடும். ஈரலைப் பழுதாக்குகிற சாமான் அது, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கஜு போட விருப்பமென்றால் உடைந்த கஜுவே போதும். முழுக் கஜுவின் விலை வேறு, இந்தக் கலவையில் அது முழுசாய்க் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

3. தூள் வகைகளும் ஆகாத சாமான்களும்

முதலில் ஆகாதவை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

பச்சை உள்ளி, வெங்காயம், தேசிக்காய்ப் புளி, தயிர் ஒன்றும் வேண்டாம். நம்மூர்ச் சட்டித் தயிர் எவ்வளவுதான் கட்டியாக இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். பச்சை உள்ளியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிற பச்சை உள்ளியில், காற்றுப் படாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமி பெருகலாம். மணத்தில் தெரியாது, உயிருக்கே ஆபத்தானது. ஆகவே கடையில் விற்கிற காய்ந்த உள்ளித்தூள்தான், வேறு பேச்சில்லை.

கறித்தூள் போடுகிறவர்கள் வறுத்து அரைத்த தூளையே போடுங்கள். வறுக்காத தூள் இந்த முறையில் வேகாது, பச்சை வாடை அப்படியே நிற்கும். புளிப்புக்கு சிற்றிக் அசிட். கேக் சாமான் விற்கிற கடைகளில் சின்னப் பைக்கற்றாகக் கிடைக்கும். ராஞ்ச் பைக்கற்றில் இருக்கிற அந்தப் பால்புளிப்பு வேண்டுமென்றால் பால்மாவையும் ஒரு சிட்டிகை சிற்றிக் அசிட்டையும் கலந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த மசாலாவில் முக்கியமாக இருப்பதும் காய்ந்த மோர்த்தூளும் உள்ளியும் வெங்காயத் தூளும் சில காய்ந்த இலைகளும்தான்.

எண்ணெய் விடயத்தில் ஆளுக்கொரு கட்சி. மணமில்லாத மரக்கறி எண்ணெய் தூளின் மணத்தை முன்னுக்கு விடும். தேங்காயெண்ணெய் நம் வாய்க்குப் பழகியது, கெதியில் சிக்கு வாடையும் அடிக்காது. ஆனால் அது 24 பாகை செல்சியசை ஒட்டி உறைகிற எண்ணெய். மழை இரவில் பிஸ்கட்டின் மேல் வெள்ளையாய்ப் பூத்து நிற்பதைக் கண்டால் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். எனக்குப் பாதிக்குப் பாதி பிடிக்கும்.

4. அளவு

500 கிராம் பிஸ்கட், 200 கிராம் வறுத்த கச்சான். இதற்கு:

- எண்ணெய் 8 மேசைக்கரண்டி, அதாவது 120 மில்லிலீற்றர்
- இடித்த செத்தல் 2 தேக்கரண்டி
- கொச்சிக்காய்த்தூள் 1 தேக்கரண்டி
- உள்ளித்தூள் 2 தேக்கரண்டி
- நற்சீரகத்தூள் 1 தேக்கரண்டி
- மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
- மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி
- சீனி 1 தேக்கரண்டி, அரைத்தது
- உப்பு அரைத் தேக்கரண்டி
- கறிவேப்பிலை 3 நெட்டு
- விருப்பமென்றால் பால்மா 2 மேசைக்கரண்டி, சிற்றிக் அசிட் கால் தேக்கரண்டி

முடிவில் 850 கிராம் வரை வரும். பிள்ளைகளுக்கென்றால் செத்தலையும் கொச்சிக்காயையும் பாதியாக்குங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்கட்டில் ஏற்கனவே உப்பு இருக்கிறது, அதனால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் கையை ஓட்ட வேண்டாம். உப்பு எண்ணெயில் கரையாது. கல்லுக் கல்லாகப் போட்டால் எல்லாம் பேசினின் அடிக்குப் போய்விடும், மேலே உள்ள பிஸ்கட் சப்பென்றும் கடைசிப் பிடி கடல் தண்ணீர் போலவும் இருக்கும். உப்பை வெறும் தாச்சியில் இரண்டு நிமிடம் சூடாக்கி ஈரம் போக்கி, சீனியோடு சேர்த்து மாவாக அரைத்து வையுங்கள்.

5. எண்ணெயைக் காய்ச்சி இறக்குதல்

தொடுகிற எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்: தாச்சி, கரண்டி, பேசின், உங்கள் கை. கழுவியவுடன் எடுத்து வேலையைத் தொடங்காதீர்கள். துடைத்து, அடுப்பருகே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

கறிவேப்பிலையைக் கழுவித் துணியில் ஒற்றி, காற்றோட்டத்தில் காயவிட்டிருக்க வேண்டும். எண்ணெயை நடுத்தரத் தீயில் காய்ச்சி இலையைப் போடுங்கள். போட்டவுடன் சடசடவென்று பொரிந்து தெறிக்கும், கொஞ்சம் விலகி நில்லுங்கள். அந்தச் சத்தம் இலையில் உள்ள தண்ணீர் ஆவியாகிற சத்தம். மெல்ல மெல்லக் குறைந்து எண்ணெய் அமைதியாகும். அமைதியானதும் உடனே இலையை வடித்தெடுங்கள். விரலால் தொட்டதும் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, திரும்பப் போடுங்கள். எண்ணெய் சடசடத்துக்கொண்டிருக்கும்போதே ‘பச்சை நிறம் போய்விடும்’ என்று அவசரப்பட்டு எடுத்த இலை ஒரு டின்னையே நமக்க வைக்கும்.

இனி அடுப்பை அணைத்துவிடுங்கள். காய்ந்த எண்ணெயில் கொச்சிக்காய்த்தூளைக் கொட்டினால் அந்த நொடியே கறுத்துக் கசக்கும், வீடு முழுக்க இருமல். ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பாருங்கள். சுற்றிவர மெல்லிய நுரை எழுந்து, சிவப்பு சிவப்பாகவே நின்றால் அதுதான் சூடு. முதலில் இடித்த செத்தல், பிறகு கொச்சிக்காய், மஞ்சள், நற்சீரகம், மிளகு. உறைப்பும் நிறமும் எண்ணெயில் கரைகிற சாமான்கள். இந்த இளஞ்சூட்டில் பத்து நிமிடம் கிடந்தால் எண்ணெய் முழுக்கச் சிவந்துவிடும்.

உள்ளித்தூளைக் கடைசியில், எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். அது மற்றவற்றைவிட வேகமாகக் கருகும். பால்மா எண்ணெய்க்குள் போகவே கூடாது, கட்டிபடும். அதைப் பிரட்டும்போது மேலே தூவலாம்.

6. பிரட்டுதல்

பெரிய பேசினில் பிஸ்கட்டையும் கச்சானையும் பரப்பி, எண்ணெயை மூன்று தடவையாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடத்துப் பிஸ்கட் குடித்துவிடும், மற்றவை வரண்டு கிடக்கும். கரண்டி வேண்டாம், உடைக்கும். காய்ந்த கையால் அடியிலிருந்து அள்ளி மேலே விடுங்கள். கை எரியும் என்பவர்கள் கையுறை போடலாம். இன்னொரு வழி, மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி, பக்கவாட்டில் உருட்டுவது. பிள்ளைகள் இந்த வேலைக்கு நான் முந்தி நீ முந்தி என்று வருவார்கள்.

பிறகு உப்புச் சீனித்தூள், சிற்றிக் அசிட், பால்மா, நொறுக்கிய கறிவேப்பிலை. தூவித் தூவிப் பிரட்டுங்கள்.

முதலில் பார்க்க எண்ணெய் கூடிப்போனது போல இருக்கும். பயந்து இன்னும் இரண்டு பைக்கற் பிஸ்கட் உடைத்துக் கொட்ட வேண்டாம். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து மேலே புரட்டிவிடுங்கள், ஒரு மணித்தியாலம் இப்படிச் செய்தால் அடியில் நின்ற எண்ணெய் எல்லாம் மேலே ஏறிவிடும். விரலில் ஒட்டுவது குறைந்துகொண்டே வருவது கையில் தெரியும்.

இப்போது ருசி பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்த நேரத்தில் தூள் வேறு, பிஸ்கட் வேறாகத்தான் நிற்கும்.

7. ஊறும் இரவு

பேசினைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. மழைக் காற்றும் வரும், எறும்பும் வரும். பேசினுக்கு ஒட்டிய மூடியைப் போட்டு அல்லது ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி, தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். எறும்புத் தொல்லை உள்ள வீடுகளில் மேசைக் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைக்கிற பழைய வழி இன்றைக்கும் வேலை செய்யும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

காலையில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். உப்போ உறைப்போ குறைந்தால் அரைத்த தூளை மட்டும் தூவலாம். எண்ணெய் திரும்ப ஊற்ற வேண்டாம்.

8. அடைத்தல்

வெளியே மழை பெய்கிற நேரத்தில் அடைக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. டிசம்பரில் அந்த வசதி எப்போதும் கிடைக்காது. யன்னலைச் சாத்தி, ஒரு பங்கைப் பேசினிலிருந்து எடுத்து அடைத்து முடித்துவிட்டு அடுத்த பங்கைத் திறவுங்கள்.

வீட்டுப் பாவனைக்குக் கண்ணாடிப் போத்தல்தான் முதல் இடம். ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட் போத்தல்களைக் கழுவி, ஒரு நாள் கவிழ்த்துக் காயவிட்டு எடுக்கலாம். மூடிக்குள் இருக்கிற மட்டைக்குள் ஈரம் ஒளிந்திருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் வருகிற தகர டின் பார்க்க வடிவு, ஆனால் மூடி காற்றுப் புகாததல்ல. அதற்குள் வைப்பதென்றால் முதலில் பையில் கட்டி வையுங்கள். போத்தலின் அடியில் வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் கொஞ்ச ஈரத்தை அது இழுக்கும்.

கொடுத்தனுப்புவதற்குத் தடித்த பொலித்தீன் பை வாங்குங்கள். சொப்பிங் பையின் மெல்லிய ரகம் ஆகாது, எண்ணெய் கசிந்து கடுதாசிப் பெட்டியை நனைக்கும். ஒட்டும் மெசின் இல்லாவிட்டால் மெழுகுதிரி போதும். பையின் வாயை, இரும்பு அரிகிற வாள் பிளேட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு நூலளவு நீட்டி மடித்துப் பிடித்து, சுவாலையின் பக்கவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் இழுங்கள். நின்றால் ஓட்டை, வேகமாக இழுத்தால் ஒட்டாது. முதல் மூன்று நாலு வெறும் பையில் பழகுங்கள். ஒட்டியதை மெதுவாக அமுக்கிப் பாருங்கள், காற்று வெளியே வந்தால் திரும்ப ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு பையிலும் செய்த திகதியும் ‘கச்சான், கோதுமை, பால்மா உண்டு’ என்ற வரியும் எழுதி ஒட்டுங்கள். கச்சான் ஒவ்வாதவர்களுக்கு ஒரு பருக்கையும் ஆபத்தாகலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கச்சான் போடாமல் தனிப் பிஸ்கட்டாகக் கொடுங்கள், முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும். இரண்டு வகையும் செய்வதென்றால் கச்சான் இல்லாததை முதலில் பிரட்டுங்கள், அதே பேசின்தானே.

9. பிஸ்கட் இல்லாமல் இரண்டு

அவல்: 250 கிராம் மெல்லிய அவலை வெறும் தாச்சியில் மெல்லிய தீயில் கிளறுங்கள். ஒன்றை எடுத்து நசுக்கினால் தூளாக வேண்டும். அது வரும்வரை பொறுமையாக நிற்பதுதான் முழு வேலையும். இறக்கி, 4 மேசைக்கரண்டி உறைப்பெண்ணெய், வறுத்த கச்சான், நொறுக்கிய கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டினால் முடிந்தது. ஊறும் இரவு தேவையில்லை. 24ஆம் திகதிதான் ஞாபகம் வந்தது என்கிறவர்கள் நேரே இதற்கு வாருங்கள்.

பேரீச்சம்பழம்: கொட்டையை எடுத்துவிட்டு வறுத்த கஜு ஒன்றை வைத்து மூடி, உப்பும் இடித்த செத்தலும் மிளகும் கலந்த தூளில் உருட்டுங்கள். அடுப்பே தேவையில்லை. மொறுமொறுப்பு இல்லாத பண்டம், அதனால் மழைக்கும் இதற்கும் பகையில்லை. ஆனால் பிஸ்கட்டோடு ஒரே டின்னில் போட வேண்டாம். பழத்தின் ஈரத்தைப் பிஸ்கட் இழுத்துக்கொள்ளும்.

10. செலவுக் கணக்கு

ரூபாயில் விலை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், ஆகவே போடுகிற முறையைச் சொல்கிறேன். கலவையின் எடையில் பெரும்பங்கு பிஸ்கட்டும் கச்சானும், செலவிலும் அப்படியே. தூள் வகைகள் ஒரு தடவைக்குச் சில்லறைதான், ஆனால் முதல் தடவை ஒவ்வொன்றிலும் முழுப் பைக்கற் வாங்க வேண்டியிருப்பதால் பில் பெரிதாகத் தெரியும். உள்ளித்தூளையும் சிற்றிக் அசிட்டையும் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு வாங்கலாம். கஜு சேர்த்தால் கணக்கே மாறும், அதைத் தனி வகையாகச் செய்யுங்கள். காஸ் செலவு கணக்கில் வராது.

மறந்துபோகிற செலவு பை, பெட்டி, நாடா, லேபிள். சில வேளை உள்ளே இருக்கிறதைவிட வெளியே சுற்றியது விலை கூடிவிடும். உதாரணத்துக்கு, 850 கிராமுக்கு மொத்தம் 2,000 ரூபாய் போனது என்று வைத்தால், நொறுங்கல் போக 100 கிராம் பை எட்டுத் தேறும், பை ஒன்றுக்கு 250. இந்த எண்கள் கணக்குக் காட்ட மட்டும்தான். உங்கள் பில்லை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

11. விற்க நினைத்தால்

சொந்தத்துக்கும் அயலுக்கும் கொடுக்க எந்தப் பத்திரமும் வேண்டாம். கடைக்குப் போடுவதென்றால் கதை வேறு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்கிறவருக்கும் பொருந்தும். நத்தாருக்கு விற்க வேண்டுமென்றால் ஒக்டோபரிலேயே தொடங்குங்கள். டிசம்பரில் அலுவலகங்களில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள், மிச்ச நாளில் வெள்ளம்.

முதலில் உங்கள் பிரிவுப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எந்தப் பிரிவுக்கு யார் என்று சொல்வார்கள். அவர் வந்து குசினியைப் பார்ப்பார். வியாபாரம் தொடங்கிய பிறகு அவர் தானாக வருவதைவிட, முன்னரே நீங்கள் கூப்பிட்டுக் காட்டுவது எவ்வளவோ மேல். அடுத்து வியாபாரப் பெயர்ப் பதிவு, அது பிரதேச செயலகத்தில். மட்டக்களப்பு டவுன்காரருக்கு மண்முனை வடக்கு. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று ஆட்கள் அவரவர் செயலகத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் சான்றிதழ், வீடு உங்கள் பெயரில் இல்லையென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இவற்றை இரண்டு பிரதியாக எடுத்து வைத்தால் ஓட்டம் குறையும். கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். படிவத்தை வாங்கும்போதே கட்டணத்தையும், மாநகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதிப் பத்திரம் தேவையா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லேபிளில் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற ஒழுங்கில், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, செய்தவரின் பெயரும் விலாசமும் வர வேண்டும். ஆயிரம் லேபிள் அச்சடித்துவிட்டுக் காட்டப் போகாதீர்கள். ஒன்றைக் கடுதாசியில் எழுதிப் பரிசோதகரிடம் காட்டி, மொழி உட்பட அவர் சொல்வதைத் திருத்திய பிறகு அச்சகத்துக்குக் கொடுங்கள்.

12. நமத்துப் போய்விட்டால்

தடித்த தாச்சியை மிக மெல்லிய தீயில் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு பிடி மட்டும் போட்டு ஐந்து நிமிடம் கிளறி, முழுதாக ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் போத்தலுக்குள் வியர்த்து, பழைய நிலைக்கே போய்விடும். பால்மா போட்டதை இப்படிச் செய்ய வேண்டாம், அடிப்பிடிக்கும். அதை அன்றே தட்டில் வைத்துத் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தாலோ கச்சானில் கசப்புத் தெரிந்தாலோ வறுத்தும் பயனில்லை, வீசுங்கள். கோழிக்கும் போட வேண்டாம்.